பூவரச மரத்துத் தண்டவாளத் துண்டு

இன்று காலை பெய்த மழையில் அந்தத் தண்டவாளத் துண்டிலிருந்து துருத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மில் களத்து ஓரத்துப் பூவரச மரத்தில், நீங்கள் விட்டுப்போன அதே கிளையில்தான் இன்னும் தொங்குகிறது. அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். களத்தில் நனைந்துபோன புழுங்கல் நெல்லின் வாடை. புளித்த கஞ்சி மாதிரி சட்டையில் ஏறிக்கொண்டால் இரண்டு துவைப்புக்கும் போகாது. அந்த வாடை மூக்கில் ஏறினாலே எனக்கு உங்கள் முகம்தான் வரும். இனி அந்த முகத்தை வேறு எப்படியும் பார்க்க முடியாது என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

உங்களுக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் இருந்து, இந்த மடலை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டியிருந்தால், ஆரம்பத்திலேயே நிறுத்திச் சிரித்திருப்பார்கள். "என்னடி இது, மேனேஜரு உன்னைய நீங்கங்கிறாரு!" சிரிக்கட்டும். குமாஸ்தாவாக இருந்த ஆறு வருஷமும் உங்களை "வாங்க, சொல்லுங்க" என்றவன், மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த மறுமாதமே "ஏய், இங்க வா" என்றேன். அந்த "ங்க" எங்கே போயிற்று என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் கத்தியிருப்பேன்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரை நாம் எல்லோரும் அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிட்டோம். முதலாளிக்கு அவர் மேனேஜர், நமக்கு நானா. அவர் யாருக்கும் உட்கார வைத்துப் புத்தி சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் களத்தில் அந்தத் தண்டவாளம் ஒலித்தால் ஆபீஸிலிருந்து முதலில் வெளியே பாய்கிறவர் அவர்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல், சுடுகிற களத்தில் தத்தித் தத்தி ஓடுவார். மேனேஜரே ஓடும்போது குமாஸ்தா உட்கார்ந்திருக்க முடியுமா? நானும் ஓடுவேன். என் பின்னால் பாய்லர்காரர், மூட்டை தூக்குகிறவர்கள், எல்லோரும். காய்ந்துகொண்டிருக்கும் நெல்லைப் பலகையால் தள்ளிக் குவித்துப் படுதாவை இழுத்து மூடி முடிக்கும்போது, முதல் துளி படுதாவின்மேல் விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மூச்சு வாங்க நிற்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது மாதிரி சந்தோஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

அந்தத் தண்டவாளத்தை அடிப்பது நீங்கள்தான். களத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரில் நீங்கள் மூத்தவர். காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே போவீர்கள், சட்டென்று நிற்பீர்கள், பிடரியைத் தடவிக்கொள்வீர்கள். கடல் பக்கமிருந்து வருகிற காற்று பிடரியில் சில்லென்று பட்டால் அரை நாழிகையில் மழை என்பது உங்கள் கணக்கு. வானம் வெள்ளை வெளேரென்று இருக்கும்போதே ஓடிப்போய் அடிப்பீர்கள். "என் கையில ஒரு களம் நனைஞ்சதில்லீங்க" என்று சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பதினான்கு வருஷத்துப் பெருமை அது. உங்களிடம் நகை நட்டு என்று வேறெதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

மழை ஏமாற்றிய நாட்களும் உண்டு. நெல்லைக் குவித்து மூடி, எல்லோரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, வெயில் ஈயென்று இளிக்கும். மறுபடி பரப்ப ஒரு மணி நேரம் ஆகும். அன்றைய காய்ச்சல் கெட்டுவிடும். நானா உங்களைப் பார்ப்பார். "என்னம்மா, மேகத்துக்கு நம்ம மில்லு விலாசம் தெரியலையா?" என்பார். களமே சிரிக்கும், நீங்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். பிறகு அவரே பலகையை எடுத்து முதல் வரியைப் பரப்பத் தொடங்குவார். ஒருமுறை தொட்டியில் நெல்லை அவர் சொன்ன கணக்கில் வேகவைத்து அது குழைந்துபோனது. மதியம் களத்தின் நடுவில் வந்து நின்று, "இன்னைக்குத் தப்பு என்னுது. யாரும் யாரையும் பாக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பாய்லர்காரர், மூட்டைக்காரர், யாருக்கு என்ன தவறு நடந்தாலும் அவர்களே வந்து சொல்லிவிடுவார்கள். சொன்னால் தலை போகாது என்று கண்ணால் பார்த்தாயிற்றே.

பினாங்கில் தம்பி கடையைப் பார்க்க ஆள் இல்லையென்று நானா கப்பல் ஏறினார். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கியதும் அந்த வருஷம்தான். எல்லைச் சாவடியை எடுத்துவிட்டார்கள். மாயவரம் பக்கத்து மில் அரிசியெல்லாம் தடையில்லாமல் நம் கடைத்தெருவில் வந்து இறங்கியது. முதலாளிக்குக் கிலி பிடித்துவிட்டது. கிலியோடுதான் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். எனக்கும் அதே கிலி. அதை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கத்துவது.

அந்தக் கார்த்திகை மாதம் ஒரே வாரத்தில் மூன்று முறை நீங்கள் அடித்தீர்கள், மூன்று முறையும் மழை வரவில்லை. மூன்றாவது முறை முதலாளி ஆபீஸில் இருந்தார். தண்டவாளம் ஒலித்ததும் நான் பழக்கத்தில் எழுந்து ஓடப் போனேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "இங்க யாருய்யா மேனேஜரு? நீயா, களத்துக்காரியா?"

அட, என்ன பெரிய கேள்வி அது! "மழையைப் பாக்குறதுல அவங்கதாங்க மேனேஜர்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். நானாவாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார். எனக்கு முகம் சுட்டுவிட்டது. அன்று சாயங்காலம் நானே போய் அந்தத் தண்டவாளத்தை அடித்து எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தேன். "இனிமே இதை என்னைத் தவிர எவளும் தொடக்கூடாது. மழை வர்ற மாதிரி இருந்தா ஆபீஸுக்கு வந்து சொல்லணும். முதலாளியோ வியாபாரியோ உள்ள இருந்தா வெளியில நின்னு, நான் கூப்பிட்டப்பறம் சொல்லணும்" என்றேன். உங்களைப் பெயர் சொல்லி முன்னால் வரச்சொல்லி, அடிக்கும் இரும்புக் கம்பியை வாங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும் கொடுத்தீர்கள். "ஆகட்டுங்கய்யா" என்றீர்கள். அதற்கு முன்னால் நீங்கள் என்னிடம் "ஆகட்டுங்கய்யா" என்று சொன்னதே இல்லை. "இருங்க தம்பி, மேகத்தைப் பாத்துட்டுப் பேசுங்க" என்றுதான் சொல்வீர்கள்.

அதிலிருந்து அந்தத் தண்டவாளம் ஒலித்தால் ஏச்சு என்று அர்த்தமாகிவிட்டது. யாராவது தாமதமாக வந்தால் அதை அடிப்பேன், மூட்டை கிழிந்தால் அதை அடிப்பேன். எல்லோரும் வந்து தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். முதலாளி என்னிடம் எப்படிப் பேசினாரோ அப்படி நான் பாய்லர்காரரிடம் பேசினேன். அவர் அப்படியே மூட்டைக்காரர்களிடம் பேசினார். மூட்டைக்காரர்கள் உங்களையெல்லாம் "ஏய்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் ஒருத்தன்தான் கத்த ஆரம்பித்தேன், தை பிறப்பதற்குள் மில்லே கத்தியது. ஒருநாள் எஞ்சினின் தோல் பட்டை அறுந்து இரண்டு நாள் மில் நின்றது. ஒரு மாதமாகவே நைந்திருந்ததாம். "ஏன்யா சொல்லல?" என்று பாய்லர்காரரிடம் எகிறினேன். "நீங்க கேக்கலையேங்க" என்றார். திமிர் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அவர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வருஷத்து ஐப்பசியில் அந்த நாள் வந்தது. களம் முழுக்க அரைக்காய்ச்சலில் குறுவை நெல். அந்தப் பதத்தில் நனைந்தால் அரிசி சிவந்து, நாறி, நொய்யாகப் போகும், மனிதர் வாயில் வைக்க முடியாது. முதலாளி உள்ளே என் எதிரில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் கதவுக்கு வெளியே வந்து நின்றீர்கள். பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை, நன்றாகப் பார்த்தேன். கையைத் தூக்கி "இரு" என்று காட்டினேன். நீங்கள் ஒருமுறை திரும்பி வானத்தைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். பிடரியைத் தடவிக்கொண்டீர்கள். நான் அப்போது முதலாளியிடம் என்ன பேசிக்கொண்டிருந்தேன் தெரியுமா? "முன்ன மாதிரி இல்லீங்க, இப்ப மில்லுல ஒரு கட்டுப்பாடு வந்துருச்சு. ஒரு சத்தம் கேக்குதா பாருங்க" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லைதான். தகரக் கூரையில் கல்லை வாரி இறைத்த மாதிரி மழை விழும் வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை.

ஓடினோம். எதைக் குவிப்பது, எதை மூடுவது? நெல் வாய்க்காலில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் மழை விட்டு வெயிலும் வந்தது. முதலாளி களத்தில் இறங்கி வந்து, "யாருமே பாக்கலையா?" என்று கேட்டார். நான் உங்கள் பக்கம் திரும்பினேன்.

"ஏன் சொல்லல?"

நான்தான் கேட்டேன். வாசலில் உங்களை நிறுத்தி வைத்த அதே நான். நீங்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். மற்ற பதினோரு பேருக்கும் நீங்கள் வந்து நின்றது தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

"நான் பாக்கலீங்க" என்றீர்கள்.

"கண்ணு மங்கிப்போச்சுன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதானே" என்றார் முதலாளி. அவ்வளவுதான், உங்கள் வேலை போய்விட்டது. பலகையைச் சுவரில் சாத்திவைத்தீர்கள். தொட்டியில் கால் கழுவிக்கொண்டீர்கள். நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: "அவங்க வந்து நின்னாங்க, நான்தான் நிறுத்தி வச்சேன்." நீங்கள் வெளிக்கதவைத் தாண்டிப் போகிற வரைக்கும் அது என் வாயிலேயே இருந்தது. அதைச் சொல்லாததற்கு இன்று வரை எனக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. பயம்தான், வேறென்ன. உங்கள் பதினான்கு வருஷத்துப் பெருமையை உங்கள் வாயாலேயே இல்லையென்று சொல்ல வைத்துவிட்டு, நான் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரே மாதத்தில் இன்னும் இரண்டு களம் நனைந்தது. முதலாளியே, "அந்தப் பொம்பளையக் கூப்பிட்டு வா" என்றார். விழிதியூருக்குச் சைக்கிளில் வந்தேன். நீங்கள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். பதறி எழுந்து, "வாங்கய்யா, மில்லுல யாருக்கும் ஒண்ணும் இல்லியே?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். எனக்குத் தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா என்று தயங்கினீர்கள். நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி அப்போது எனக்கு ஒரு நினைப்பு வேறு.

"அன்னைக்கு ஏன் பாக்கலன்னு சொன்ன? நீ வந்து நின்னது எனக்குத் தெரியுமே" என்றேன்.

"அய்யா கேட்ட கேள்விக்கு வேற பதிலு இல்லீங்களே."

"உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?"

நீங்கள் கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே, கோபமே இல்லாமல் கேட்டீர்கள்: "சொல்லியிருந்தா நீங்க ஆமான்னு சொல்லியிருப்பீங்களாய்யா?"

நான் செம்பைக் கீழே வைத்தேன். திரும்பி வந்துவிடு என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். "வேணாங்கய்யா. நீங்க தேடி வந்ததே போதும். நான் வந்தாலும் இனிமே வாசல்லதான் நிப்பேன். அடிக்கக் கை ஓங்காது" என்றீர்கள். கிளம்பும்போது, "கெழக்கால இருட்டிக்கிட்டு வருது, வெரசா போங்க" என்று எச்சரிக்கை வேறு. மில் இருக்கிற கோட்டுச்சேரி வரைக்கும் அந்தத் தூரம் முழுக்க நனைந்துகொண்டே போனேன். எங்கேயும் ஒதுங்கத் தோன்றவில்லை.

திருந்திவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாளே களத்துக்குப் போய்ச் சொன்னேன்: "இனிமே யாரு வேணும்னாலும் அடிக்கலாம். மழை வராட்டியும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். இது சத்தியம்." பதினோரு பேரும் ஒரே குரலில் "சரிங்கய்யா" என்றார்கள். இரும்புக் கம்பியை மரத்தடியில் கொண்டுபோய் வைத்தேன். அது வைத்த இடத்திலேயே கிடந்து துருவேறியது. மேகம் கூடினால் உங்களுக்கு அடுத்தவளான செல்லம்மா ஆபீஸ் வாசலில் வந்து நிற்பாள். "உள்ள வாயேன்!" என்பேன். வாசற்படி வரைக்கும்தான் வருவாள். "ஒண்ணும் இல்லீங்கய்யா, மானம் ஒரு மாதிரி இருக்கு" என்று இழுப்பாள். அதற்குள் பாதி நனைந்திருக்கும்.

ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை. உங்கள் காற்றைப் பிடரியில் நானே உணர்ந்தேன். சில்லென்று பட்டது. ஓடிப்போய்த் தண்டவாளத்தை என் கையாலேயே அடித்தேன். களத்துப் பெண்கள், மூட்டைக்காரர்கள், பாய்லர்காரர் எல்லோரும் ஓடி வந்தார்கள். வந்து என் எதிரில் வரிசையாக நின்றார்கள். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். "மழை! மழைங்க! நெல்லைத் தள்ளுங்க!" என்று கத்துகிறேன். நான் கத்தக் கத்த அவர்கள் தலை இன்னும் குனிகிறது. யாரோ ஒரு மூட்டைக்காரர் மெதுவாக, "யாருங்கய்யா தப்பு பண்ணது?" என்று கேட்டார். அவர்கள் முதுகுக்குப் பின்னால் களத்தில் மழை இறங்கியது. நான் பலகையை எடுத்துக்கொண்டு தனியாக ஓடினேன். கொஞ்சம் பொறுத்து ஒவ்வொருவராக வந்தார்கள். என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு வரியையும் தள்ளினார்கள்.

அன்றோடு விட்டுவிட்டேனா? இல்லை. இந்த நான்கு வருஷமாக, முன்பு செய்யாததெல்லாம் செய்து பார்க்கிறேன். எல்லோரையும் "வாங்க, போங்க" என்கிறேன். அவர்கள் அதற்கும் பயப்படுகிறார்கள், இன்றைக்கு என்ன வரப்போகிறதோ என்று. நானாவையும் உங்களையும் பார்த்தே இராத புதுப் பெண்கள் இருவர் வேலைக்கு வந்தார்கள். வந்த மூன்றாம் நாளே அவர்களும் வாசலில் நின்றார்கள். யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. பார்த்தே படித்துக்கொண்டார்கள். நானா ஓடியதைப் பார்த்து நாம் ஓடவில்லையா, அந்த மாதிரிதான். கத்துவதற்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அதை அழிக்க இந்த ஜன்மம் போதாது போலிருக்கிறது.

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாயவரத்து வியாபாரி ஒருவர் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். எட்டு மணிக்கெல்லாம் செல்லம்மாவும் இன்னொருத்தியும் வாசலில் வந்து நின்றதைப் பார்த்தேன். சத்தியமாக இந்த முறை நான் கையைத் தூக்கவில்லை. "என்னம்மா, சொல்லுங்க" என்றேன். வியாபாரியைப் பார்த்துவிட்டு, "நீங்க பேசுங்கய்யா, நாங்க நிக்கிறோம்" என்றாள் செல்லம்மா. வேலை விஷயமாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். பன்னிரண்டரைக்கு அவர் எழுந்து போனார். வாசலில் இன்னும் நிற்கிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மழையா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே பாய்ந்து பலகையை எடுத்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"மழை இல்லீங்கய்யா" என்றாள் செல்லம்மா. "அக்கா போயிட்டாங்க. வெள்ளன சேதி வந்துச்சு. ஒரு எட்டுப் போயிட்டு வர லீவு கேக்கலாம்னு..."

"எப்ப எடுக்கறாங்க?"

"பதினோரு மணிக்குன்னாங்க."

களத்தில் மற்றவர்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் போகவில்லை. பதினான்கு வருஷம் உங்களோடு ஒரே களத்தில் நெல் துழாவியவர்கள், உங்கள் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க என் வாசலில் அனுமதிக்காக நின்று, அதைத் தவறவிட்டார்கள். "ஏன் சொல்லல?" என்று என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

அத்தனை பேரையும் அனுப்பிவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு விழிதியூர் வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் குளித்து ஈர வேட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். "மில்லுலேருந்து வருவாங்கன்னு கொஞ்ச நேரம் வச்சிருந்து பாத்தோங்க" என்றார். "அவளுக்கு மில்லுன்னா உசுரு. படுத்த படுக்கையிலயும் காத்து அடிச்சா, 'நெல்லு நெல்லு'ன்னுதான் கெடந்தா." நான் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். வாசலில் நின்ற கதையை அவரிடமும் சொல்லத் தைரியம் வரவில்லை. அழுதேன். மேனேஜர் அழுகிறாரே என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

இப்போது என்னிடம் மிச்சமிருப்பது உங்களிடமிருந்து எனக்குத் தொற்றிக்கொண்ட அந்தக் காற்றுதான். பிடரியில் அது பட்டால் உடம்பே விழித்துக்கொள்கிறது. இன்று காலையில் முதல் வேலையாகத் தச்சரை வரவழைத்து ஆபீஸ் கதவைக் கழற்றச் சொன்னேன். நிலை மட்டும் நிற்கிறது. இனிமேல் யாரும் வெளியே நிற்க வேண்டாம், நேராக உள்ளே வந்து சொல்லலாம் என்று எல்லோருக்கும் சொன்னேன். "சரிங்கய்யா" என்றார்கள். ஒன்பது மணி இருக்கும், பிடரியில் சில்லென்று பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கதவு இருந்த இடத்துக்கு ஒரு அடி வெளியே, தலையில் முதல் தூறல் விழ விழ, செல்லம்மா நின்றுகொண்டிருந்தாள்.